லெவலிங் கிட்டு வந்த வாரம்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுவதை வாரா வாரம் பொறுத்துப் படிக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. ஒற்று விட்டுப்போகும். முன்னால் நடந்தது பின்னால் வரும். பெயரும் கிழமையும் மறந்துவிடும். மன்னிக்க வேண்டும்.

போன வாரம், சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் செருப்பு தொலைந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று மருமகள் ரூபி சொல்கிறாள். நான் தாளில் எழுதித் தருவதை அவள்தான் செல்போனில் தட்டிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவள். செருப்பு கிடைத்ததா இல்லையா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இந்த வாரம், மறப்பதற்குள், சமீபத்தில் நடந்த ஒன்றை எழுதிவிடுகிறேன். என் மகன் தேவா தன் வண்டியின் முன்பக்கத்தைத் தானே உயர்த்திய கதை. என் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரப் போன கதையும் அதுதான். இரண்டும் ஒரே கதையா, வேறு வேறா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிட்டுவுக்குச் சோறு

அன்று புதன்கிழமை என்று நினைக்கிறேன். வழக்கத்தைவிட ஒரு டம்ளர் அரிசி கூடப் போட்டு உலை வைத்தேன். கிட்டு வருகிறான் என்று.

முந்தின நாள் தேவா தேங்காய் லோடுக்குக் கிளம்பும்போது சொன்னான். "யம்மா, நாளைக்கு லெவலிங் கிட்டு வருது. நீ வீட்டுலயே இரு. எங்கயும் போயிராத."

கிட்டு என்றால் ஆள் என்று நினைத்தேன். எங்கள் தெருவிலேயே ஒரு கிட்டு இருந்தார். "வருதான்" என்று சொல்லாமல் "வருது" என்கிறானே, கூடப் படித்தவனாக இருக்கும், செல்லமாகச் சொல்கிறான் என்று வைத்துக்கொண்டேன். லெவலிங் என்பது அவன் வேலை பார்க்கிற இடமாக இருக்கலாம்.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அவரைக்காயும் வைத்தேன். வெளி ஆள் வருகிறார் என்றால் நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன். என்ன பேசுவது என்று தெரியாது. சோறு வைத்துவிட்டால் பேச வேண்டாம் பாருங்கள்.

மத்தியானம் ஒருவர் பைக்கில் வந்து பெட்டி ஒன்றை நீட்டினார்.

"கிட்டு தம்பியா?" என்றேன்.

"கூரியரும்மா."

"கிட்டு வரலையா?"

அவர் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னையும் பார்த்தார். "கிட்டுதாம்மா. இந்தாங்க."

அவரைத்தான் கிட்டு என்கிறார் என்று நினைத்து, "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றேன். இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் தேவா வந்ததும், "கிட்டு வந்துச்சா?" என்றான்.

"வந்தாரு. சாப்பிடச் சொன்னேன், மாட்டேன்னுட்டாரு. இந்தப் பெட்டியைக் குடுத்துட்டுப் போனாரு."

தேவாவுக்கு முதலில் விளங்கவில்லை. ரூபிக்கு விளங்கிவிட்டது. பேண்டேஜ் துணி கம்பெனியில் ஷிப்டு முடித்து அசதியோடு வந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, பெட்டிக்குள்ளதான் கிட்டு இருக்காரு. எடுத்து வெளிய விடட்டா? பசிக்கும்லா."

பெட்டியைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக இரண்டு வட்டக் கட்டைகள். வண்டியை மட்டம் பண்ணுகிற சாமானாம்; அதற்குப் பேர்தான் லெவலிங் கிட். அம்மியில் பாதிகூடக் கனம் இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்று போல்ட்டு நீட்டிக்கொண்டிருந்தது. இதற்காகவா ஒரு டம்ளர் அரிசி கூடப் போட்டேன் என்று இருந்தது.

குப்புறத் தள்ளுகிற வண்டி

கட்டை எதற்கு என்று சொல்ல வேண்டும். அதற்கு அக்காவைச் சொல்ல வேண்டும்.

பாக்கியம் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கிறாள். மச்சான் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பிள்ளை இல்லை. எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். இன்றைக்கும் அவள் முன்னால் நான் உட்கார்ந்து பேசியது குறைவு.

சில மாதங்களுக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் குழாய் திறந்தே கிடக்கிற சத்தம் கேட்டு வந்து பார்க்கிறவரை அப்படியே கிடந்திருக்கிறாள். எலும்பு முறியவில்லை. முட்டிதான் மடங்க மாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்து இருங்கள் என்று தேவா எத்தனையோ முறை கேட்டான். "தங்கச்சி வீட்டுல உக்காந்து சாப்பிடுத நெலமை எனக்கு இன்னும் வரலலே" என்பாள். நான் கேட்டதில்லை. கேட்க வாய் வராது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டது தேவாவின் வண்டியில்தான். பின்னால் சரக்கு ஏற்றுகிற பிக்கப் வண்டி. பழசாக வாங்கியது. பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்கும். வழியெல்லாம் அக்கா முன்னால் இருக்கிற பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"என்னலே, குப்புறத் தள்ளிக்கிட்டே போகுது உன் வண்டி? கண்ணாடியில போயி முட்டிருவேன் போலருக்கு."

அவளைச் சமாதானப்படுத்த நான் சொன்னேன். "முன்பக்கம் கொஞ்சம் வாட்டம்க்கா. அம்புட்டுதான்."

வாட்டம் என்றால் எங்களுக்கு நல்ல வார்த்தை. என் வீட்டுக்காரர் இருந்தவரை கொத்தனார் வேலை பார்த்தார். நானும் அக்காவும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சித்தாள் வேலை பார்த்தவர்கள். தரை போட்டால் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு பக்கம் லேசாகச் சரித்துப் போடுவார்கள். அந்தச் சரிவுதான் வாட்டம். "வாட்டம் சரியா இருக்கா?" என்று அவர் கேட்டால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவோம். ஓடினால் அன்றைய வேலை முடிந்தது.

நான் சொன்னது அந்த வாட்டம். தேவா கேட்டது வேறு. பெரியம்மாவோடு அம்மாவும் வண்டியைக் குறை சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து ரூபியிடம் "அம்மாவும் வாட்டம்னு சொல்லிட்டா" என்றான். அவள் என் முகம் வாடியிருப்பதாக நினைத்து எனக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள். நானும் ஏன் என்று கேட்காமல் குடித்தேன். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கும்.

பிறகு ஒருநாள் அக்காவிடமிருந்து போன். "உன் மகனைச் சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு. நான் வாரேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஏன் மனசு மாறினாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாறிவிடுவாளோ என்று பயம். தேவா மட்டும், "பெரியம்மா குப்புற விழாம வரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மெக்கானிக்கிடம் போனால், ஆயுத பூஜை வருகிறது, பத்து நாள் கழித்து வா என்றாராம். பத்து நாள் அக்காவின் மனசு நிற்குமா?

"நானே மாட்டிருதேன். எல்லாம் வீடியோவுல இருக்கு" என்றான்.

மறுபடியும் சித்தாள்

வெள்ளிக்கிழமை காலையில் சின்னதாக ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பித்தான். வண்டி வாசல் முற்றத்தில் கேட்டைப் பார்த்து நின்றது. எப்போதும் பின்பக்கமாகவே உள்ளே விட்டு நிறுத்துவான்; மறுநாள் நேராக எடுத்துக்கொண்டு போகத் தோது.

முந்தின வாரமே அளவு எடுத்துத்தான் கட்டைக்குச் சொல்லியிருந்தான். செல்போனுக்குள்ளேயே மட்டம் பார்க்கிற ரசமட்டம் இருக்கிறதாம். போனை வண்டியின் பின்தட்டில் வைத்தான். திரையில் ஒரு குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினான். குமிழி நடுவுக்கு வந்தது. எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று டேப்பை வைத்துப் பார்த்தான். "எம்மா, இம்புட்டு இறங்கியா இருக்கு!" என்று அவனுக்கே ஆச்சரியம். இருப்பதிலேயே தடிமனான கட்டைக்குச் சொல்லிவிட்டான்.

ரூபி வேலைக்குப் போய்விட்டாள். "யம்மா, நீதான் எனக்கு சித்தாள்" என்றான் தேவா.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கல் எடுத்துக் கொடு என்றால் கொடுப்பேன், கலவை என்றால் கொடுப்பேன். இங்கே கேட்பதெல்லாம் நம்பர். "பதினேழைக் குடு", "பத்தொம்பதைக் குடு" என்கிறான். ஸ்பேனரில் நம்பர் பொடிப்பொடியாக இருக்கிறது. கண்ணாடியைப் போட்டு நான் தேடி எடுப்பதற்குள் அவன் கையை நீட்டியபடி, "அம்மா, தூங்கிட்டியா?" என்பான்.

பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். முன்பக்கத்தைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டு மேல் உட்கார வைத்தான். சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பார்த்தால் ஒரு தடித்த ஸ்பிரிங், நடுவில் ஒரு தூண். தூணின் தலை பானட்டுக்குள் மூன்று நட்டில் தொங்குகிறது. அந்தத் தூணைக் கழற்றி இறக்கி, தலையில் கட்டையை வைத்து முடுக்கி, திரும்பவும் மாட்ட வேண்டும். கட்டை எவ்வளவு தடிமனோ அதற்குத் தக்கபடி வண்டி தூக்கும். தலைக்கும் சட்டிக்கும் நடுவில் சும்மாடு வைக்கிற மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியா என்று தெரியாது.

பக்கத்து வீட்டு நாகம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். தெலுங்கு பேசுகிற வீடு. என் வயசுதான், வாய் மட்டும் என்னைப்போல் இல்லை. "ஏமி, வண்டிக்கு ஆபரேஷனா? டாக்டர் சரி, நர்ஸுக்குத்தான் கண்ணு தெரியல" என்றார்.

நடு நட்டு

தேவா ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தான். பானட்டுக்குள் வட்டமாக மூன்று நட்டு இருக்கும், நடுவில் ஒன்று தனியாக இருக்கும். நடு நட்டுதான் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிக்கொண்டு வந்துவிடும். ஆள் பிழைக்க மாட்டான்.

நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஸ்பேனர் நம்பர்களெல்லாம் மண்டைக்குள் போனதும் பழையது கலங்கிவிட்டது.

அவன் கீழே படுத்துக்கொண்டு போல்ட்டு ஒன்றோடு மல்லுக்கட்டினான். "யம்மா, நான் கீழ தாங்கிப் புடிச்சிருக்கேன். மேல இருக்குற நட்டை லூசாக்கு."

பானட்டுக்குள் குனிந்தேன். நடு நட்டு என்று அவன் சொன்னது ஞாபகம் இருந்தது. தொடணும் என்றானா, தொடக்கூடாது என்றானா என்பதுதான் மறந்துவிட்டது. இவ்வளவு சொன்னான் என்றால் அதுதான் முக்கியமான நட்டு. முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும்போல. ஸ்பேனரைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். பொருந்தவில்லை. இன்னொரு ஸ்பேனரைத் தேடினேன்.

"என்னம்மா தேடுத?"

"இந்த ஸ்பேனர் பிடிக்க மாட்டேங்குப்பா. நடுவுல உள்ளது பெருசா இருக்கு."

 அவன் வெளியே வந்த வேகத்தில் தலையை வண்டியில் இடித்துக்கொண்டான். என் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக, தூங்குகிற பிள்ளையிடமிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி, வாங்கினான்.

"யம்மா, செத்த நேரம் அந்தப் படியில உக்காரு."

உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையெல்லாம் கிரீஸ். கழுத்தில் கரி. ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவனே மூன்று நட்டையும் கழற்றினான். நடு நட்டுக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டான். எனக்கு அடையாளமாம். தூண் இறங்கியது, கட்டை ஏறியது. திரும்ப மாட்டப் போனால் தூண் நீளமாகிவிட்டது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. கீழே சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையை இன்னும் கீழே அமுக்கினால்தான் போகுமாம். கடப்பாரையைக் கொண்டுவந்து உள்ளே கொடுத்தான்.

"இது மேல உக்காரும்மா."

உட்கார்ந்தேன். ஒன்றும் அசையவில்லை.

"உன் கனம் பத்தாது."

நாகம்மா சொல்லாமலே கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "ஜருகு" என்று சொல்லி என்னை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கிழவிகள் ஒரு கடப்பாரையில். தெருவில் போன காய்கறிக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். "அங்க என்ன பாக்குறீர்? நீரும் வந்து உக்காரும்" என்றார் நாகம்மா. கீழே டொக் என்று ஒரு சத்தம். தூண் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த பக்கமும் இப்படியே. பொழுது சாயும்போது சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினான். செல்போனைத் தட்டில் வைத்தான். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. ரூபி வந்து பார்த்து, "சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்குங்க" என்றாள். தேவா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

அக்காவின் வாசலில்

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு; அந்த மலைப் பெருமாளுக்குப் போகிற கூட்டம் சாலை நிறைய. வண்டி போகிற போக்கில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றான் தேவா. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை மினுக்கி மினுக்கிக் காட்டினார்கள். நமக்கு வணக்கம் சொல்கிறார்களா என்று கேட்டேன். "இல்லம்மா, நம்ம லைட்டு அவங்க கண்ணுல அடிக்கி போல" என்றான். பகலில் எதற்கு லைட்டைப் போட்டான் என்று கேட்கவில்லை. முன்னாடி இருக்கையில் ஏற எனக்கே அன்று மூச்சு வாங்கியது. பழக்கம் இல்லாத நாள் என்று விட்டுவிட்டேன்.

அக்காவின் தெரு சிமெண்டு போட்ட சமமான தெரு. அங்கே போய் நின்றதும் அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். தலை படிய வாரியிருந்தாள்.

வண்டியைப் பார்த்தாள். "ஏலே, என்னலே இது? கொட்டாவி விடுத மாதிரி மேல பாத்துட்டு நிக்கி?"

தேவா இறங்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். உண்மைதான். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. நேற்று வீட்டில் தட்டு மாதிரி இருந்தது. ராத்திரியில் வளர்ந்துவிட்டதா? தேவா டயரை உதைத்துப் பார்த்தான். காற்று இருந்தது.

"லோடு ஏத்தினா சரியாயிரும் பெரியம்மா" என்றான்.

பீரோ, ஆட்டுக்கல், கட்டில், ட்ரங்குப் பெட்டி எல்லாம் ஏற்றினோம். பின்பக்கம் இறங்கியது. மூக்கு இன்னும் தூக்கியது.

அக்கா கதவருகே வந்து ஒரு காலைத் தூக்கினாள். பாதி உயரத்தில் முட்டி நின்றுவிட்டது. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டோம், அது ஆடியது. செங்கல் அடுக்கினோம், ஏறி நின்றாள், அதற்கு மேல் முடியவில்லை. வலி அவள் முகத்தில் தெரிந்தது, வாயில் வரவில்லை.

மலைக்குப் போகிற கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. "பாட்டி, இதுக்கு மலைப்படி தேவலை போலருக்கே" என்று யாரோ சொன்னார்கள். "உங்க பெருமாள்கிட்ட சொல்லி எனக்கும் ஒரு படி போடச் சொல்லுங்க" என்றாள் அக்கா. சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கை மட்டும் கதவை விடவில்லை.

இளவயசில் நாங்கள் மணல் லாரியில் வேலைக்குப் போவோம். அக்கா டயரில் கால் வைத்து முதலில் ஏறிவிடுவாள். மேலே நின்று என் இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பு. கருவாட்டுக் கூடையைத் தூக்குகிற மாதிரி நான் மேலே வந்து விழுவேன். அன்று வாசலில் அது ஏன் நினைவுக்கு வந்ததோ. நான் முதலில் ஏறி அவளை இழுக்கலாமா என்று பார்த்தேன். எனக்கே யாராவது தள்ளிவிட வேண்டும்.

"தூக்கி வைக்கட்டா பெரியம்மா?" என்றான் தேவா.

"நான் என்ன தேங்கா மூட்டையாலே?"

"அப்ப ஆட்டோ புடிக்கேன். நீங்களும் அம்மாவும் அதுல வாங்க."

"என் சாமான் ஒரு வண்டியில, நான் ஒரு வண்டியிலயா? என் பெட்டி போற வண்டியிலதான் நானும் போவேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னட்டி சொல்லுத?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் என்னிடம் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"உங்க சௌகரியம்க்கா" என்றேன்.

 அக்கா கையைக் கதவிலிருந்து எடுத்தாள்.

"ஏலே தேவா, சாமானை இறக்கி உள்ள வையி. வண்டியை மட்டம் பண்ணு. பொறவு பாப்போம்."

பீரோவையும் ஆட்டுக்கல்லையும் தேவா திரும்ப இறக்கி உள்ளே வைத்தான். அக்கா எங்களுக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தோம்.

ஓடிய தண்ணீர்

வீட்டுக்கு வந்து வழக்கம்போல் பின்பக்கமாக முற்றத்தில் விட்டு நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால் வண்டி மறுபடியும் தட்டு மாதிரி நிற்கிறது! போனை வைத்தான். குமிழி நடுவில். அங்கே மூக்கைத் தூக்கியது, இங்கே சமமாக நிற்கிறது. தேவா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான், அக்காவைப் பார்த்து வண்டியும் பயந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ரூபி துணி துவைத்த தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். அது வண்டிக்கு அடியில் புகுந்து, பின் சக்கரத்தைக் கடந்து, முன் சக்கரத்தைக் கடந்து, கேட்டுக்கு வெளியே ஓடியது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"ஏங்க," என்றாள் ரூபி, "தரையே சரிவா இருக்கு. அதுல வச்சா மட்டம் பாத்தீங்க?"

என் வீட்டுக்காரர் போட்ட தரை. சித்தாள் நான்தான். தெருப் பக்கம் நல்ல வாட்டம் கொடுத்துப் போட்டது. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு நிற்காது. தினமும் அதில்தான் நடக்கிறேன், பெருக்குகிறேன். தரைக்குக் கொடுத்த வாட்டம் வண்டிக்குள் போய்விடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வண்டி தரைக்குத் தக்கபடி சமமாகிவிட்டது, ஊருக்குத் தக்கபடி இல்லை. இது சரியாகச் சொல்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை.

"அன்னைக்கே வாட்டம்னு சொன்னியேம்மா, அப்ப தரையையா சொன்ன?" என்றான் தேவா.

"இல்லப்பா, வண்டியைத்தான் சொன்னேன்."

அவன் சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டான்.

ஆயுத பூஜை கழிந்ததும் மெக்கானிக்கிடம் விட்டு, தடிமனான கட்டையை எடுத்துவிட்டு மெல்லிசாக ஒன்று போட்டாயிற்று. சக்கரம் இழுப்பதையும் லைட்டையும் அவரே சரிபண்ணிக் கொடுத்தார். சரக்கு ஏறினால் பின்னால் இறங்கும், அதற்காகத்தான் கம்பெனியிலேயே பின்பக்கத்தைத் தூக்கலாகக் கொடுத்திருக்கிறான் என்றாராம். கதவுக்குக் கீழே கால் வைக்க ஒரு இரும்புப் படியும் பற்றவைத்திருக்கிறான் தேவா. நான் ஏறிப் பார்த்தேன். சுகமாக ஏற முடிகிறது.

அக்காவிடம் தேவா போனில் சொன்னான். "பாப்போம்லே" என்றாள். இரண்டு மூன்று முறை கேட்டாயிற்று. "பாப்போம்" என்பதைத் தாண்டவில்லை.

யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

மேலே எழுதிய நட்டு, போல்ட்டு விவரத்தைத் தேவா படித்துப் பார்த்து, ஓரளவு சரி என்றான். கடப்பாரை விஷயத்தில் நாகம்மாவுக்கு ஒரு திருத்தம் உண்டு: தூண் உட்கார்ந்தது தன் கனத்தால் இல்லை, ஆஞ்சநேயரை நினைத்ததால் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இந்த வீட்டில் யாராலும் சரிபார்க்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று அக்கா ஏறாமல் போனது உயரத்தாலா, "உங்க சௌகரியம்" என்று நான் சொன்ன வார்த்தையாலா? தேவா உயரம் என்கிறான். ரூபி, உங்கள் அக்காவிடமே கேளுங்கள் அத்தை என்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கிறவர்களில் என் அக்காவும் ஒருத்தி. நான் ஏதாவது தப்பாக எழுதினால் அன்றைக்கே போன் போட்டுத் திட்டுவாள்.

அக்கா, இதில் எது தப்பு என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், எனக்குப் போனில் பேச்சு வராது. சனிக்கிழமை தேவா உங்கள் தெருப் பக்கம் தேங்காய் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத்தான் திரும்புகிறான். பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, வாங்கக்கா.